கடலோரச் சாப்பாடும் ஒரு விடுதியும் – உடுப்பியிலிருந்து உட்லண்ட்ஸ் வரை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு வந்து நிதானமாகப் படியுங்கள். பசியோடு படிக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் போகப்போகத் தெரியும்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியே ரயிலை எண்ணிக்கொண்டிருந்தவர். இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. வெளிநாட்டில் பதினைந்து வருடம் ஓட்டல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். பரங்கிப்பேட்டைப் பக்கம் ஓட்டுப்போட்ட பழைய வீடு ஒன்று குத்தகைக்கு வருகிறதாம். "நாலு ரூம், ஒரு சமையல்கட்டு, முன்னால் பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிட இடம். பிச்சாவரம் பார்க்க வருகிறவர்கள் தங்குவார்கள் சார். நம்ம கடற்கரைச் சாப்பாடு மட்டும் போடலாம் என்று ஆசை. ஆனால் எல்லோரும் பரோட்டாவும் ஃப்ரைடு ரைஸும் போட்டால்தான் ஓடும் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

எனக்கு என்ன தெரியும்? நான் வீட்டில் காபி போட்டாலே அது வெந்நீரா காபியா என்று வாக்கெடுப்பு நடக்கும். ஆனால் ஒரு கடலோர ஊரின் சாப்பாட்டை மட்டும் நம்பி விடுதி நடத்தி, அதில் பெரிய வெற்றி பெற்ற ஒருவரின் கதை எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவர் போன பிறகு, இதை எழுதி வைத்தால் மற்றவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது.

முதலில் நம் பக்கத்துப் பழைய கதை கொஞ்சம். சிறுபாணாற்றுப்படையில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பார்க்கப் போகும் பாணர்களுக்கு வழி சொல்லப்படுகிறது. ஓய்மாநாடு என்பது திண்டிவனம், மரக்காணம் சுற்றுவட்டாரம். கடற்கரையில் உள்ள எயிற்பட்டினத்துக்குப் போனால் பரதவர் கள்ளும், உலர்ந்த குழல்மீனைச் சுட்டும் தருவார்கள். வேலூர் என்ற ஊரில் எயினர் வீட்டில் புளி சேர்த்த சுடுசோறும் ஆமான் இறைச்சியும் கிடைக்கும். (இது நம் கோட்டை வேலூர் அல்ல.) ஆமூரில் உழவர் வீட்டில் வெள்ளைச் சோறும் நண்டுக் கறியும். ஒரே பயணம், மூன்று நிறுத்தம், மூன்று வேறு சாப்பாடு. அந்தந்த மண்ணில் என்ன இருந்ததோ அது. பார்த்தீர்களா, கடற்கரையில் கொடுத்தது பச்சை மீன் இல்லை, உலர்ந்த மீன். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அப்போது இது விருந்தோம்பல், காசு கிடையாது. பிற்காலத்தில் வந்த சத்திரங்களிலும் காசு கிடையாது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வரம் போகும் பாதையில் வரிசையாகச் சத்திரம் கட்டினார்கள். இரண்டாம் சரபோஜி 1802-ல் ஒரத்தநாட்டில் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் அவசியம் பாருங்கள், யானையும் குதிரையும் இழுக்கும் தேர் போன்ற கட்டட வேலை. சோறு தருமமாகக் கிடைத்த ஊரில் சோற்றை விற்பது கௌரவக் குறைச்சல். "சோறு விற்றுப் பிழைக்கிறான்" என்பது என் பாட்டி காலத்தில்கூட வசவு.

ரயில் வந்ததும் இது மாறிற்று. முன்பின் தெரியாத ஊரில் இறங்குகிறவனுக்குத் தங்க இடமும் சோறும் வேண்டும், கையில் காசும் இருக்கிறது. ஆனால் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது? ரயில் நிலையச் சாப்பாட்டு இடங்களிலேயே பிராமணருக்குத் தனி, மற்றவர்களுக்குத் தனி என்று இருந்தது. பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் போராடி 1941-ல் அது எடுக்கப்பட்டது. நம் ஜங்ஷனில் இறங்கி டீ குடிக்கிறவர்கள் இதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம். அரசியல் சட்டம் வந்தபோது 15-ஆம் பிரிவில் கடை, பொது உணவகம், ஓட்டல் என்று பெயர் சொல்லியே எழுதினார்கள், அங்கே சாதி மதம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்று. அப்படி எழுத வேண்டிய நிலை இருந்தது. அதற்குப் பிறகும் 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓட்டல் பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற சொல்லை எடுக்கச் சொல்லி மாதக்கணக்கில் மறியல் நடந்தது.

இந்தக் காலத்தில்தான் நம் கதாநாயகர் வருகிறார். கே. கிருஷ்ண ராவ். 1898-ல் உடுப்பிப் பக்கம் கடந்தலே என்ற கிராமத்தில் பிறந்தவர். வறுமை. சிறு வயதில் மடத்தில் எடுபிடி வேலை.

கிருஷ்ண ராவ் ஏன் சென்னைக்கு வந்தார் என்று கேட்டால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். உடுப்பி அப்போது தென் கன்னட மாவட்டம். அந்த மாவட்டம் 1956 நவம்பர் வரை மைசூரோடு இல்லை, சென்னை மாகாணத்தில் இருந்தது. ஆக அரபிக் கடலோரத்து உடுப்பிக்காரருக்குத் தலைநகரம் வங்கக் கடலோரத்துச் சென்னைதான். 1907-ல் மங்களூர் வரை ரயில் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தால் சென்னை. 1923-ல் தென் கன்னடத்தில் பெருவெள்ளம் வேறு. நிலம் சின்னது, குடும்பம் பெரிது. பையன்கள் கிளம்பிவிட்டார்கள். கையில் இருந்த ஒரே தொழில் சமையல்.

அந்தச் சமையல் எங்கே படித்தது? இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

உடுப்பி கிருஷ்ணன் கோயில் 13-ஆம் நூற்றாண்டில் மத்வாச்சாரியார் ஏற்படுத்தியது. எட்டு மடங்கள். ஒவ்வொரு மடமும் முறை வைத்து இரண்டு வருடம் கோயில் பூசையையும் அன்னதானத்தையும் ஏற்று நடத்த வேண்டும். இதற்குப் பர்யாயம் என்று பெயர். இரட்டைப்படை ஆண்டுகளில் ஜனவரி மாதம் பொறுப்பு கைமாறும். அந்த ஊர்க் கிருஷ்ணனுக்கே அன்னபிரம்மம் என்று பெயர்.

பொறுப்பேற்கப் போகும் மடம் எப்போது வேலையைத் தொடங்கும் தெரியுமா? ஒரு வருடத்துக்கு முன்பே. முதலில் வாழை முகூர்த்தம். வாழைக்கன்று நடுவார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்கு இலை வேண்டுமே! அப்புறம் அரிசி முகூர்த்தம், விறகு முகூர்த்தம், நெல் முகூர்த்தம். விறகைக் குளத்தங்கரையில் தேர் போல அடுக்கி வைப்பார்கள். பார்க்கிறவர்கள் அழகு என்று படம் எடுக்கிறார்கள். எனக்கு அது ஸ்டாக் ரெஜிஸ்டராகத் தெரிகிறது. ஒரு வருடச் சமையலுக்கு விறகு இருக்கிறதா என்று ஊரே கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஆடி, ஆவணி தொடங்கி வரும் சாதுர்மாஸ்ய நான்கு மாதங்களில் மடத்து அடுக்களைக்குக் கட்டுப்பாடு. ஒரு மாதம் காய்கறி கிடையாது. ஒரு மாதம் தயிர் கிடையாது. ஒரு மாதம் பால் கிடையாது. ஒரு மாதம் பருப்பு கிடையாது. காயில்லாமல் குழம்பு, பருப்பில்லாமல் சாறு என்று ஒவ்வொரு மாதமும் மாற்றிச் சமைக்க வேண்டும், பந்தி மட்டும் நிற்கக் கூடாது. கொட்டும் மழைக்காலம், தோட்டத்தில் ஒன்றும் இருக்காது, அதனால்தான் இப்படி விரதம் வைத்தார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அது எப்படியோ போகட்டும். இதில் பழகிய சமையல்காரன் எந்த ஊருக்குப் போனாலும் தடுமாற மாட்டான்.

அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்த கிருஷ்ண ராவ், சென்னை ஜார்ஜ் டவுனில் ஓட்டல் அடுக்களையில் அடிமட்ட வேலையில் சேர்ந்தார். பிறகு ஆச்சாரப்பன் தெருவில் இருந்த சின்ன ஓட்டலைத் தவணையில் பணம் கட்டித் தனதாக்கிக்கொண்டார். அடுத்து மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸ். இதுவரை மற்ற உடுப்பிக்காரர்களும் செய்ததுதான். பெங்களூரில் மையா சகோதரர்கள் 1924-ல் தொடங்கியது எம்.டி.ஆர். ஆயிற்று. மும்பை மாட்டுங்காவில் ராமா நாயக் 1942-ல் போர்டிங் தொடங்கினார், அங்கே இன்றும் இலைச் சாப்பாடு.

கிருஷ்ண ராவ் தனித்து நிற்பது 1938-ல். ராயப்பேட்டையில் தோட்டத்தோடு கூடிய பெரிய மாளிகை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தார். அந்த வீட்டின் பெயர் உட்லண்ட்ஸ். ஆங்கிலேயக் காலத்து மாளிகைப் பெயர், உள்ளே உடுப்பிச் சமையல், மேலே தங்கும் அறைகள். அதுவரை சென்னையில் வசதியான தங்கும் விடுதி என்றால் வெள்ளைக்காரர் பாணி, அங்கே சைவக்காரருக்கு வெண்ணெய் தடவிய ரொட்டிதான். நம் ஆள் தங்குகிற இடம் என்றால் சத்திரம், பாயும் திண்ணையும். நல்ல கட்டில், சுத்தமான குளியலறை, காலையில் இட்லி, மத்தியானம் இலைச் சாப்பாடு எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்பது புது யோசனை. கோர்ட் வழக்குக்கு வருகிறவர், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர், பெண் பார்க்க வருகிறவர் எல்லோருக்கும் இடம் கிடைத்தது.

இதில் கணக்கும் இருக்கிறது. சாப்பாட்டுக்கடைக்கு வருகிறவன் ஒரு வேளை சாப்பிட்டுப் போய்விடுவான். தங்குகிறவன் மூன்று வேளை சாப்பிடுவான், நாளைக்கு எத்தனை பேர் என்று இன்றே தெரியும், அரிசியை அளந்து களையலாம். கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

1952-ல் எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில், அதாவது இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில், நியூ உட்லண்ட்ஸ். 1962-ல் கதீட்ரல் ரோட்டில் தோட்டக்கலைச் சங்கத்து நிலத்தில் டிரைவ்-இன். காரில் உட்கார்ந்தபடியே தட்டு வரும். கார் இல்லாதவர்கள் உள்ளே மேஜையில் ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கலாம், யாரும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள். ஒரு பயிற்சி வகுப்புக்காகச் சென்னை போனபோது நானும் மூன்று நண்பர்களும் அங்கே போனோம். நாலு பேருக்கு இரண்டு தோசை. சப்ளையர் எதுவும் கேட்காமல் நாலு தட்டு கொண்டுவந்து வைத்தார்.

குத்தகை நிலம் என்பதால் 2008-ல் டிரைவ்-இன் மூடப்பட்டது. வழக்கெல்லாம் நடந்துதான் முடிந்தது. 2010-ல் அந்த இடம் செம்மொழிப் பூங்கா ஆயிற்று. "தம்பி, குத்தகைப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதே. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி 1991 முதல் இருக்கிறது, அந்த வீடு அதில் எங்கே விழுகிறது என்று முதலில் கேள்" என்று இந்த இடத்தில் அவரிடம் சொன்னேன். குறித்துக்கொண்டார். கடைசி பெஞ்சில் இருந்தபோது குறிப்பெடுத்ததே இல்லை!

சரி, வெற்றிக் கதை முடிந்ததா? எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் கதை பாதிதான்.

உடுப்பி ஓட்டல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? மசால் தோசை. உள்ளே உருளைக்கிழங்கும் வெங்காயமும். உடுப்பி மடத்துச் சமையலில் வெங்காயம், பூண்டு சேர்க்கவே மாட்டார்கள்! எந்த ஊர்ப் பெயரால் அந்தப் பலகாரம் உலகம் சுற்றியதோ, அந்த ஊர்க் கோயில் அடுக்களையில் அதற்கு இடமில்லை. ஃபில்டர் காபியும் அப்படித்தான், அது மலைத்தோட்டத்துச் சரக்கு. அந்தக் கடலோரத்து வீடுகளில் தினமும் சுடும் நீர்த்தோசை, சேம்பு இலையில் மாவு தடவிச் சுருட்டி வேகவைக்கும் பத்ரொடே, மட்டு ஊர்க் கத்தரிக்காய்க் குழம்பு இதெல்லாம் நம் ஊர் வரை வரவில்லை. அந்தக் கத்தரிக்காய்க்கு 2011-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நம் ஊர் வரை வந்தது லேசாக வெல்லம் போட்ட சாம்பார். அதையும் நம்மவர்கள் திட்டித் திட்டிக் காரமாக்கிவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய விடுபடல் ஒன்று உண்டு. உடுப்பிக்குப் பக்கத்திலேயே மல்பே மீன்பிடித் துறைமுகம். அந்தக் கரையில் பெரும்பாலானோர் மீன் சாப்பிடுகிறவர்கள். மொகவீரர் என்ற மீனவ சமூகத்தாரின் தேங்காய் அரைத்த மீன் குழம்பும் அந்தக் கடலோரத்துச் சாப்பாடுதான். ஆனால் "உடுப்பி" என்ற பெயர் மடத்துச் சமையலுக்கு மட்டும் சொந்தமாகிவிட்டது. மீன் குழம்பு ஊர் விட்டு ஊர் வந்தபோது "மங்களூர்" என்று வேறு பெயர் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஓட்டல் யாரிடம் இருக்கிறதோ அவர் வீட்டுச் சாப்பாடு ஊர்ச் சாப்பாடு ஆகிவிடுகிறது. கிருஷ்ண ராவைக் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் சமைத்தார், சுத்தமாகச் சமைத்தார். நான் சொல்வது பெயரைப் பற்றி.

இதைக் கேட்டதும் மாணவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் சொந்த ஊர் விருத்தாசலம்தான். கடற்கரைச் சாப்பாடு என்கிறாரே, அது யார் வீட்டுச் சாப்பாடு? "சமைக்கப் போவது யார்?" என்று கேட்டேன். சென்னையிலிருந்து மாஸ்டர் ஒருவரைப் பேசி வைத்திருக்கிறாராம், செட்டிநாட்டு மீன் வறுவல் நன்றாகப் போடுவாராம். செட்டிநாடு எங்கே, வெள்ளாற்று முகத்துவாரம் எங்கே! நம் ஊர் மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில்தான் கடலைச் சேருகிறது. ஆறு போகும் வழியைக்கூட நாம் விசாரிப்பதில்லை.

அடுத்த கேள்வி: "ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை என்ன போடுவாய்?" விழித்தார். அந்த 61 நாள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடி தடைக்காலம். அதுதான் பள்ளி விடுமுறை, பிச்சாவரத்துக்குக் கூட்டம் வரும் காலமும்கூட. நாட்டுப்படகு மீனும் கழிமுக நண்டு, இறாலும் கொஞ்சம் கிடைக்கும், விலை எட்டாது. அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் மழை, புயல். 2011 டிசம்பர் 30 தானே புயலை நம் மாவட்டத்தில் யாரால் மறக்க முடியும்? அந்த மாதிரி நாட்களில் கேரளத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் மீனைப் போட்டுவிட்டுப் பலகையில் "பரங்கிப்பேட்டை மீன்" என்று எழுதுவதா?

மீனவர் வீடுகளில் இதற்கெல்லாம் எப்போதோ வழி வைத்திருக்கிறார்கள். மீன் மலிந்த நாளில் உப்புப் போட்டுக் காயவைத்து எடுத்து வைப்பார்கள். தடைக்காலம் என்பது மாங்காய்க் காலம். நெத்திலிக் கருவாடும் மாங்காயும் சேர்ந்த குழம்புக்கு முன்னால் எந்த வஞ்சிரமும் நிற்காது என்பது என் தாழ்மையான கருத்து. மழைக்காலத்துக்கு மொச்சைக்கொட்டையும் கத்தரிக்காயும் போட்ட கருவாட்டுக் குழம்பு. எயிற்பட்டினத்துப் பரதவர் பாணனுக்குக் கொடுத்ததும் உலர்ந்த மீன்தானே! உடுப்பி மடத்தார் முன்கூட்டியே வாழை நட்டு விறகு அடுக்கியதற்கும், மீனவப் பெண்மணி பங்குனி வெயிலில் கருவாடு காயவைத்துப் பானையில் அடைப்பதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. கிருஷ்ண ராவ் சென்னைக்குக் கொண்டுவந்த பெரிய சொத்து இந்தப் பழக்கம்தான் என்று நினைக்கிறேன். பலகாரங்கள் மாறிவிட்டன, அந்த ஒழுங்கு மாறவில்லை.

நான்கு நாள் கழித்து மாணவர் போன் செய்தார். அந்தப் பழைய வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, தலைச்சுமையாகக் கருவாடு விற்கும் அம்மா ஒருவர் இருக்கிறாராம். ஐம்பத்தைந்து வயது. சமையலுக்கு வர முடியுமா என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா, "எங்க வீட்டுக் குழம்பைக் காசு குடுத்து எவன் தம்பி சாப்புடுவான்?" என்று சிரித்துவிட்டு, மறுநாள் காலை தானே வந்து நிபந்தனை சொன்னாராம். மீன் வாங்குவது அவர் பொறுப்பு. அன்றைக்கு எது நல்லதாகக் கிடைக்கிறதோ அதுதான் சமையல், முதல் நாளே பலகையில் எழுதி வைக்கக் கூடாது. சம்பளம் மட்டும் போதாது, லாபத்தில் பங்கு வேண்டும். கடைசி நிபந்தனையைக் கேட்டு மாணவர் கொஞ்சம் தயங்கியிருக்கிறார். என்னிடம் யோசனை கேட்டார். "உன் கடையில் சமையல் அவருடையது, பெயர் யாருடையது என்று யோசித்துவிட்டுப் பதில் சொல்" என்றேன்.

நேற்று ராத்திரி மறுபடி போன். ஒப்புக்கொண்டாராம். சென்னை மாஸ்டருக்கு வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. குத்தகைப் பத்திரம் இப்போது வக்கீலிடம் இருக்கிறது. கருவாடு போட்டுவைக்க மூடி போட்ட பெரிய பீங்கான் ஜாடி பத்து வேண்டுமாம். நம் செராமிக் பட்டறைகளில் வேலை பார்க்கும் மாணவர்கள் யாராவது நியாய விலைக்கு முடித்துக் கொடுக்க முடியுமானால் எனக்குத் தகவல் சொல்லுங்கள்.

வரும் ஞாயிறு சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பஸ்ஸில் போய் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வரப்போகிறேன். அந்த அம்மா சமைத்துப் பார்க்கப் போகும் முதல் நாள் அது. தடைக்காலம் இன்னும் முடியவில்லை, ஆகவே மத்தியானம் இலையில் என்ன விழும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். இந்தப் பதிவை என் மகள் படிப்பாள் என்பதால் அளவோடுதான் சாப்பிடுவேன் என்று இங்கேயே எழுத்து மூலம் உறுதி கூறுகிறேன்.